மூன்றாவது தடவை கேட்காத வேலை

டெல்மர் லோக்கன் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்தவர். கேலியாகச் சொல்லவில்லை, உத்தியோகமே அதுதான். எங்கள் எல்வர்டன் ஊரின் மடக்கு நாற்காலித் தொழிற்சாலையில் அவர் தரச் சோதனையாளர். ஐம்பதுக்கு ஒரு நாற்காலியை வரிசையிலிருந்து உருவி எடுப்பார், விரிப்பார், உட்காருவார், இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் சாய்வார், கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு எழுந்திருப்பார். பெருமூச்சு கம்பெனியின் விதிப்புத்தகத்தில் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்து மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கும், அடக்கம் நடத்தித் தரும் இழவு வீட்டுக் கூடத்துக்கும்தான் போகின்றன. அங்கே உட்காருகிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பாரத்தையும் நாற்காலி தாங்கியாக வேண்டும் என்பது டெல்மரின் கட்சி. மேலதிகாரிகள் ஆட்சேபிக்கவில்லை. பெருமூச்சுக்குத் தனியாகச் சம்பளம் கேட்கவில்லை அல்லவா.

அந்தத் தொழிற்சாலையைச் செப்டம்பர் கடைசியில் மூடினார்கள். நாற்காலிகள் இனிமேல் தெற்கே, கூலி குறைந்த மாநிலம் ஒன்றில் மடங்கும் என்று முடிவாயிற்று. மேலாளர் நாற்பது பேரைக் கூட்டி, டெல்மர் சோதித்த நாற்காலிகளிலேயே உட்காரவைத்து, விஷயத்தைச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எங்கள் ஊரில் ஒரு தடவை சொன்னது பேச்சுக்குச் சொன்னது. அதனால் டெல்மர் மறுநாள் காலையும் சாப்பாட்டு டப்பாவோடு போய், வாசலில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இந்தத் தடவைக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பக்கத்தில் ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை. இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பது பண்பு. மூன்றாவது தடவையும் கேட்டால் மனுஷர் நிஜமாகவே கொடுக்க நினைக்கிறார் என்று அர்த்தம். அப்போது, சரி, இவ்வளவு தூரம் சொல்கிறீர்கள், அரைக் கப் ஊற்றுங்கள் என்று வாங்கிக்கொண்டு, முழுசாக மூன்று கப் குடிக்கலாம். முதல் தடவையிலேயே சரி என்கிறவனைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்படி ஒருவன் இருந்தான்; பிற்பாடு வங்கியில் பணம் கையாடல் செய்து மாட்டிக்கொண்டான். யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஆர்லிஸைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் டெல்மருக்கு இதே கணக்குதான். முதலில் கோடைத் திருவிழாவில் கேட்டார். சும்மா இருங்க என்றாள். ஏரி உறைந்த பிறகு, மீன் பிடிக்க வெட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். உங்களுக்கு வேற நல்ல பொண்ணா அமைவா என்றாள். மூன்றாவது தடவைக்குத் தைரியம் வர அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் அவள் வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவளுக்குக் கணக்குத் தெரியும். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குளிர்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் டெல்மரை யாரும் எதையும் மூன்று தடவை கேட்டதில்லை. ஒரு தடவையே அபூர்வம்.

வேலையிழப்பு உதவித்தொகைக்கு மனுப் போடச் சொன்னது பக்கத்து வீட்டு பெர்னடீன். இடுப்பில் ஒரு எலும்பையும் தேவாலயத்தின் காபிக் குழுவில் பாதிப் பேரையும் மாற்றியவள், அறுபத்தாறு வயது. அடுத்தவர் பணம் தனக்கு வேண்டாம் என்றார் டெல்மர். "அடுத்தவன் பணம் இல்லப்பா, உன் பேர்ல கம்பெனிக்காரன் கட்டின பணம்," என்றாள். இரண்டு தடவை மறுத்து, மூன்றாவதற்கு ஒப்புக்கொண்டார்.

மாநில அலுவலகத்திலிருந்து நாற்பத்தெட்டுப் பக்கக் கையேடு ஒன்று தபாலில் வந்தது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பென்சிலால் கோடிட்டுப் படித்த ஒரே மனிதர் டெல்மராகத்தான் இருக்க வேண்டும்; எழுதியவரும் படித்த மாதிரித் தெரியவில்லை. சாராம்சம் இதுதான். வேலை உன் தப்பால் போயிருக்கக்கூடாது. முந்தின வருஷத்தில் போதுமான சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். உடம்பில் தெம்பும் மனதில் தயாரும் இருக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு இடத்தில் வேலை கேட்டு, அதைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். தகுந்த வேலை யாராவது கொடுத்தால் மறுக்கக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால், பழைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி, இருபத்தாறு வாரத்துக்கு. அதிலும் முதல் வாரம் சும்மா காத்திருக்கும் வாரம். அந்த வாரத்தை டெல்மர் முழு மனதோடு, நேரந்தவறாமல், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

மனுவின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். இந்தத் தொகைக்கும் வருமான வரி உண்டு. வாராவாரம் பத்தில் ஒரு பங்கை இப்போதே வரிக்காகப் பிடித்துக்கொள்ளட்டுமா? ஒருவர் உங்களுக்காக ஒன்றைச் செய்து தரட்டுமா என்று கேட்கிறார். டெல்மர் என்ன சொல்வார்? ‘வேண்டாம்’ என்பதில் குறி போட்டார். அடுத்த பக்கத்தில் இன்னொரு தடவை கேட்பார்கள் என்று புரட்டினார். அடுத்த பக்கம் இல்லை, பின்னட்டைதான் இருந்தது.

அக்டோபரிலிருந்து அவருடைய வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணியில் வந்து நின்றது. ஆராதனை முடிந்து, காபியை இரண்டு தடவை மறுத்து மூன்றாவதில் குடித்து, வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த எண்ணை அழுத்துவார். ஒரு பெண் குரல் எடுக்கும். பதிவு செய்த குரல்தான், டெல்மருக்குத் தெரியும். ஆனால் வாரம் முழுக்க அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்த ஒரே குரலும் அதுதான். இந்த வாரம் வேலை செய்யத் தெம்பாகவும் தயாராகவும் இருந்தீர்களா என்று கேட்கும். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் ஒன்பது. செவ்வாய்க்கிழமை லேசாகத் தும்மியது நினைவு வர, டெல்மர் விரலை ஒன்றுக்கு மேலே வைத்துக்கொண்டு யோசிப்பார். அந்த அம்மாள் பொறுமையாகக் காத்திருப்பாள். வேறு வருமானம் வந்ததா, நான்கு இடத்தில் கேட்டீர்களா, ஏதாவது வேலையை மறுத்தீர்களா என்று கேட்டுவிட்டு, முடிவில், கேள்விகளை மறுபடியும் கேட்க விரும்பினால் ஒன்றை அழுத்தவும், அழைப்பை முடிக்க ஒன்பதை அழுத்தவும் என்பாள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்து அவளைத் தொந்தரவு செய்வானேன் என்று டெல்மர் ஒன்பதை அழுத்துவார். அழுத்துவதற்கு முன்னால் நன்றி சொல்வார்.

அவருடைய நேர்மையில் அலுவலகத்துக்கே கொஞ்சம் சிரமம் இருந்தது. நவம்பரில் பெர்னடீன் வீட்டு நடைபாதையிலிருந்து பனியை வாரி ஒதுக்கினார். அவள் பதிலுக்கு உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் காளான் சூப்பும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் ஒரு தட்டு கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, வேறு வருமானம் வந்ததா என்ற கேள்விக்கு டெல்மர் ஒன்றை அழுத்தினார். எவ்வளவு என்று கேட்டது குரல். தொலைபேசியை வைத்துவிட்டு மளிகைக் கடைக்குப் போய், சாமான்களின் விலையைத் தட்டின் அளவுக்கு வகுத்து, ஏழு டாலர் நாற்பது சென்ட் என்று பதிவு செய்தார். தங்கள் ஏழு டாலர் நாற்பது சென்ட் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரு கடிதம் வந்தது. பெர்னடீனிடம் பெருமையாகக் காட்டினார்.

அவள் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம் வேலியோரமாக வந்து, "ஏழு டாலரா? என் ஹாட்டிஷ் ஏழு டாலரா, டெல்மர்? அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்துட்டியா?" என்றாள். வெங்காயத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். அதில் சமாதானம் ஆகவில்லை.

வேலை தேடும் படலத்தில் இன்னொரு சிக்கல். எல்வர்டனில் ஆள் வைத்து நடத்தும் இடம் மொத்தம் பத்தொன்பது. வாரத்துக்கு நான்கு என்றால் ஐந்தாவது வாரத்தின் நடுவில் ஊர் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு டெல்மர் முதலிலிருந்து ஆரம்பித்தார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. முடிவெட்டும் கடை, தபால் நிலையம், இழவு வீட்டுக் கூடம், மருந்துக்கடை. உங்களிடம் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், இந்தத் தாளில் எழுத வேண்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்பார். அவர்களும் மரியாதையோடு, வேலை இல்லை என்பார்கள். இழவு வீட்டுக் கூடத்துக்காரர் மட்டும், உட்காருங்க டெல்மர் என்று நாற்காலியை விரித்துப் போட்டார். நாற்பத்தேழாம் எண் வகை, பின்கால் கொஞ்சம் குட்டை. தன் கையில் தப்பிப் போனது என்று டெல்மர் மூன்று நாள் வருத்தப்பட்டார்.

அரிசோனாவிலிருந்து மகன் கர்ட் மாதத்துக்கு ஒரு தடவை பேசுவான். கிறிஸ்துமஸ் அன்று, அப்பா எங்ககூட வந்துடுங்களேன் என்றான். உங்களுக்கு எதுக்குப்பா சிரமம் என்றார் டெல்மர். சரிப்பா என்று சொல்லிவிட்டு, கர்ட் அங்கே அடிக்கும் வெயிலைப் பற்றிப் பேசினான். பத்து வருஷம் பாலைவனத்தில் இருந்தவன். மூன்றாவது தடவை என்ன, இரண்டாவதையே மறந்துவிட்டான்.

ஜனவரி மூன்றாவது வாரம், சுற்றில் வின்ஸ் டிமார்கோவின் மரக்கடை வந்தது. பலகை, ஆணி, பூட்டு, பெயின்ட் எல்லாம் விற்கிற கடை. வின்ஸ் நியூ ஜெர்சிக்காரர், ஐம்பது வயது, மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையை விலைக்கு வாங்கி வந்தவர். பார்த்த மாத்திரத்தில் எல்லோரையும் நீ என்பார்; ஊர் அதைப் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டது. டெல்மர் வழக்கம்போல மன்னிப்பில் ஆரம்பித்துத் தாளை நீட்டினார். வின்ஸ் தாளைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு மரம் தெரியும், இரும்பு தெரியும், ஊர்ல எல்லாரையும் தெரியும். திங்கக்கிழமைலேர்ந்து கவுன்ட்டருக்கு வந்துடேன்," என்றார்.

டெல்மரின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. திங்கட்கிழமை போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைகூட அந்த நொடியில் முடிவாகிவிட்டது. ஆனால் வாய் தன் பரம்பரைக் கடமையைச் செய்தது. "ஐயையோ, எனக்கெதுக்குங்க. உங்களுக்குச் சிரமம்."

"என்ன சிரமம்? எனக்கு ஆள் வேணும்பா. வர்றியா?"

இரண்டாவது. டெல்மருக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. இன்னும் ஒன்றுதான். "இல்லைங்க, நம்மைவிடக் கஷ்டப்படறவங்க யாராவது இருப்பாங்க. அவங்களுக்குக் குடுங்க."

வின்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சரி. உன் இஷ்டம். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலை," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து யாரிடமோ பெயின்ட் டப்பாக்களைப் பற்றிச் சத்தம் போட ஆரம்பித்தார்.

டெல்மர் நின்றார். வின்ஸ் பேசி முடித்ததும் கேட்பார். பேசி முடித்தார், கேட்கவில்லை. டெல்மர் ஆணிப் பெட்டிகளின் பக்கம் போய், வார்த்தையில்லாமல் ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்காக, ஒவ்வொரு அளவையும் கையில் எடுத்துப் பார்த்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. இரண்டு கீல் எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தார். அவர் வீட்டில் எல்லாக் கதவும் ஒழுங்காகத்தான் தொங்கின. வின்ஸ் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, இன்னும் ஏதாவது வேணுமா என்றார். பழக்கத்தில் டெல்மர் இல்லை என்றார். தெருவில் இறங்கிப் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அதுதான் மூன்றாவதோ? வீடு வரைக்கும் யோசித்தார். இல்லை, அது கீலைப் பற்றியது என்று தீர்மானித்துக்கொண்டார். மூன்று நாள் தொலைபேசிக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தார். வியாழக்கிழமை தபால்காரர் சொன்னார், மரக்கடையில் வேலைக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாளாம், கெட்டிக்காரியாம்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அந்தக் குரல் கேட்டது. இந்த வாரம் ஏதாவது வேலையை மறுத்தீர்களா?

மற்ற ஜனங்கள் இந்த இடத்தில் ஒன்பதை அழுத்தியிருப்பார்கள். டெல்மர் அங்கேயே உட்கார்ந்து தனக்குத் தானே விசாரணை நடத்தினார். வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன். மனதில் வேண்டாம் என்று இருந்ததா? இல்லை. மனதில் இருந்ததை அந்த அம்மாள் கேட்கவில்லை. மறுத்தாயா என்றுதான் கேட்கிறாள். அவளிடம் அவர் இதுவரை பொய் சொன்னதில்லை. ஒன்றை அழுத்தினார். நன்றி என்றாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தகுந்த வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தபடியால் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. இன்னும் பதினோரு வாரம் பாக்கி இருந்தது. அதே நாள் அதே தபாலில் இன்னொரு உறை. போன வருஷம் வாங்கிய உதவித்தொகை மொத்தம் இவ்வளவு, இதில் வரிக்காகப் பிடித்தது பூஜ்யம், இதன் நகல் வரி அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. பின்னட்டையில் கேட்காமல் விட்ட கேள்வி இப்போது ரூபம் எடுத்து வந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏப்ரலுக்குள் ஐந்நூற்று எண்பது டாலர் கட்ட வேண்டும். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்கு அந்த மாதம் வந்த சீட்டும் மேஜைமேல் இருந்தது.

டெல்மர் மூன்று தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பணம் வராவிட்டால் வசந்தத்தில் வீட்டை விற்க வேண்டும். விற்றால் அரிசோனா. அரிசோனா என்றால் அவரே கர்ட்டைக் கூப்பிட்டு, நான் வரட்டுமா என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் ஒன்றைக் கொடுத்தால் மூன்று தடவையில் வாங்கிக்கொள்ளலாம். தானாகப் போய்க் கேட்பதற்கு எத்தனையாவது தடவை என்று ஒரு கணக்குக் கிடையாது. அது நடப்பதில்லை.

மேல்முறையீடு செய்ய இருபத்தொரு நாள் அவகாசம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றுதான் டெல்மர் நினைத்தார். பெர்னடீன் ஹாட்டிஷ் கோபத்தைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்துவிட்டு, வேலியோரம் ஒரு தடவையும், தேவாலயத்தில் ஒரு தடவையும், அவர் வீட்டுச் சமையலறைக்கே வந்து ஒரு தடவையுமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை பேனாவையும் கொண்டுவந்திருந்தாள்.

தீர்ப்பு வரும்வரை வாராவாரம் அழைத்துப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும், பணம் வராது என்றாலும், என்று கையேட்டில் இருந்தது. இது டெல்மருக்குத் தண்டனையாகத் தோன்றவில்லை. பிப்ரவரியின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு மணிக்குத் தொப்பியைக் கழற்றினார்.

விசாரணை தொலைபேசியில் நடந்தது, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. டெல்மர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். விசாரணை அதிகாரியின் பெயர் நோரீன் ஸ்கோக். குரலிலேயே தெரிந்தது, நம் பக்கத்துப் பெண். மேற்கே இரண்டு மாவட்டம் தள்ளிப் பிறந்தவளாக இருக்கலாம். சத்தியம் வாங்கிக்கொண்டாள். வின்ஸ் கடையிலிருந்து பேசினார்; பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை, மணி, கூலி என்று வின்ஸ் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "நான் கேட்டேன், ஆளு வேணாம்னுட்டாரு. அவ்வளவுதாங்க. அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்று முடித்தார்.

"எத்தனை தடவை கேட்டீங்க?" என்றாள் அதிகாரி.

"புரியலைங்க."

"எத்தனை தடவை கேட்டீங்க, மிஸ்டர் டிமார்கோ?"

"ரெண்டு தடவை. எங்க ஊர்ல ஒரு தடவைதான் கேப்போம். இவரு நல்ல ஆளேன்னு ரெண்டாவதும் கேட்டேன்."

மறுமுனையில் விசைப்பலகை ஓடியது. பிறகு அதிகாரி, குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், "மூணாவது தடவை?" என்றாள்.

"மூணாவது எதுக்குங்க? வேணாம்னு சொன்ன மனுஷனை நான் எத்தனை தடவை கெஞ்சறது?"

"சாட்சி வெளியூர்க்காரர் என்பது பதிவு செய்யப்படுகிறது," என்றாள் அதிகாரி.

டெல்மருக்கு மனது கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறாரே. கிளம்புகிற நேரத்தில் இன்னும் ஏதாவது வேணுமா என்று வின்ஸ் கேட்டதையும், தான் இல்லை என்றதையும் சொல்லிவிட்டார். தன் வழக்கைத் தானே கவிழ்க்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

"அப்ப உங்க கையில என்ன இருந்துச்சு?" என்றாள் அதிகாரி.

"ரெண்டு கீலுங்க."

"அது கீலைப் பத்தின கேள்வி. வேலையைப் பத்தினது இல்ல." விசைப்பலகை மறுபடி ஓடியது. "மிஸ்டர் டிமார்கோ, நீங்க போகலாம். நன்றி."

வின்ஸ் போகவில்லை. "ஒரு நிமிஷம். இவரு வேலை வேணும்னுதான் வேணாம்னாரா? ஏன்யா டெல்மர், வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு அந்தப் பொண்ணை வச்சிட்டேனேய்யா."

"பரவாயில்லைங்க. நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க," என்றார் டெல்மர்.

ரம்பச் சத்தம் அறுந்தது. வின்ஸ் வைத்துவிட்டார். லைனில் இரண்டு பேர்தான் மிச்சம்.

அதிகாரி விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள். "நீங்க வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா, மிஸ்டர் லோக்கன்?"

"இல்லைங்க. உங்களுக்கு நிறைய வேலை இருக்கும்."

"ஏதாவது சொல்றதுன்னா சொல்லலாம். நேரம் இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

மறுமுனையில் ஒரு காகிதம் புரளும் சத்தம். விதிப்படி அவள் கேட்க வேண்டியது ஒரு தடவைதான். இரண்டாவது தடவையே அவள் சொந்தப் பொறுப்பில் கேட்டது. அழைப்பை முடிக்கும் பொத்தான் அவள் விரலடியில் இருந்திருக்கும்.

"மிஸ்டர் லோக்கன்," என்றாள். "வேற என்ன சொல்லணும்?"

டெல்மர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பேச வேண்டியதை அங்கே எங்கேயோ வைத்தாற்போல. "நான் நாற்காலி பாக்கற ஆளுங்க," என்றார். "முப்பத்தோரு வருஷம். எங்க வீட்டுச் சமையல்கட்டுல ரெண்டு நாற்காலி இருக்கு, ஒரே நாள்ல வாங்கினது. இப்ப ஒண்ணுதான் தேயுது. இன்னொண்ணு புதுசு மாதிரி இருக்கு. அதைப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சங்கடமா இருக்கு. எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சுங்க. கூலிக்காக மட்டும் இல்ல. கவுன்ட்டர்ல நின்னா நாலு பேர் வந்து ஏதாவது கேப்பாங்க. அவ்வளவுதாங்க." பிறகு அவசரமாக, "மன்னிக்கணும், உங்க நேரத்தை ரொம்ப எடுத்துக்கிட்டேன்," என்றார்.

விசைப்பலகைச் சத்தம் வரவில்லை. ஆனாலும், "பதிவாயிடுச்சு, மிஸ்டர் லோக்கன்," என்றாள்.

தீர்ப்பு மார்ச் இரண்டாம் வாரம் வந்தது. ஐந்து பக்கம். அதன் சாரம் ஏறக்குறைய இப்படிப் போயிற்று: ஒரு வேலை மறுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டுமெனில் முதலில் அது முழுமையாக வழங்கப்பட்டிருக்க வேண்டும். சம்பவம் நடந்த மாவட்டத்தின் நிலைத்த வழக்கத்தை இந்த அமர்வு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவ்வழக்கப்படி இரண்டு தடவை கேட்பது வேலையைப் பற்றிய உரையாடலேயன்றி வேலை வழங்கல் ஆகாது. மூன்றாவதாகக் கேட்கப்பட்டது கீல் சம்பந்தமானது. ஆகவே வழங்கப்படாத வேலையை மனுதாரர் மறுத்திருக்க இயலாது. நிறுத்திவைத்த ஏழு வாரத் தொகையும் தரப்படும்; மிச்சமுள்ள நான்கு வாரமும் உண்டு. நாற்காலிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது சட்டத்துக்குள் அடங்குகிற விஷயமில்லை.

கடிதத்தோடு ஒரு சின்னப் படிவமும் இணைத்திருந்தார்கள். திரும்பத் தரும் தொகைக்கும் வரி உண்டு; பிடித்துக்கொள்ளட்டுமா? டெல்மர் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து, முதல் கேள்வியிலேயே ‘சரி’ என்று குறி போட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். பெர்னடீன் வீட்டுத் திரை சாத்தியிருந்தது.

வின்ஸ் அந்த விசாரணையிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார், தப்பான பாடம். மரக்கடையில் இப்போது யார் என்ன வாங்கினாலும், பை வேணுமா, பை வேணுமா, நெஜமாவே பை வேணுமா என்று மூன்று தடவை கேட்கிறார். ஊரில் எல்லோர் வீட்டிலும் மரக்கடைப் பை குவிந்து கிடக்கிறது. வேலை காலியானால் முதலில் டெல்மருக்குத்தான் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்மர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். எப்போதும் உட்காருகிற நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். உறுதியாகத்தான் இருந்தது. எண்ணை அழுத்தினார்.

தெம்பாகவும் தயாராகவும் இருந்தீர்களா என்றாள். ஒன்று. வேறு வருமானம்? ஒன்பது. நான்கு இடத்தில் கேட்டீர்களா? ஒன்று. ஏதாவது வேலையை மறுத்தீர்களா? ஒன்பது. தங்களுக்கு இன்னும் மூன்று வாரத் தொகை மிச்சம் உள்ளது என்றாள். அப்படியானால் இன்னும் மூன்று ஞாயிறு. அதன் பிறகு இந்த எண்ணை அவர் அழைத்தால் அவள் எடுப்பாளா என்று கையேட்டில் எங்கேயும் போடவில்லை. நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் நேற்று மறுபடி பார்த்துவிட்டார்.

கேள்விகளை மறுபடியும் கேட்க விரும்பினால் ஒன்றை அழுத்தவும் என்றாள்.

வெளியே ஏரிப் பக்கத்திலிருந்து பனி உடையும் சத்தம் வந்தது. டெல்மர் நன்றி சொல்லிவிட்டு, ஒன்றை அழுத்தினார். இந்த வாரம் தெம்பாகவும் தயாராகவும் இருந்தீர்களா என்று அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அலுப்பே இல்லாத குரல். எல்லாவற்றுக்கும் மறுபடி பதில் சொன்னார். முடிவில் அவள் பழையபடி கேட்டாள். அது இரண்டாவது தடவை. டெல்மர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மறுபடியும் ஒன்றை அழுத்தினார்.